மரப் பலகை வண்டியும் மற்ற ஆளும்

சென்ற சனிக்கிழமை காலை கதவு மணி அடித்தது. திறந்தால் நாயோடு ஒரு வெள்ளைக்காரர். வயது எழுபதுக்குக் கிட்ட இருக்கும். வாசலில் நிற்கும் வண்டி என்னுடையதா என்று கேட்டார். ஆம் என்றேன். ஒரு படம் எடுத்துக்கொள்ளலாமா என்றார். தாராளமாக எடுங்கள் என்றேன்.

எடுத்தார். முன்னுக்கு நின்று, பின்னுக்கு நின்று, பிறகு முழங்காலை மடித்து... நாய்க்கே அலுத்துப் போய்விட்டது. எல்லாம் முடிந்து போகிற போக்கில் ஒரு கேள்வி கேட்டார். "இவ்வளவு பெரிய வண்டி. ஞாயிற்றுக்கிழமைகளில் குடும்பத்தோடு ஊர் சுற்றுவீர்கள், இல்லையா?"

அந்த நேரம் பார்த்துக் குப்பைத் தொட்டியை இழுத்துக்கொண்டு வந்தாள் பவானி. என் மனைவி. இந்தப் பத்தியை வாசிப்பவர்களுக்கு அவளைத் தெரியும். கேள்வி காதில் விழுந்ததும் தொட்டியை நடுப் பாதையில் அப்படியே விட்டுவிட்டு உள்ளே போய்விட்டாள். நான் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றேன். வேறென்ன செய்வது?

அவள் ஏன் உள்ளே போனாள்? அதைத்தான் இந்த வாரம் சொல்லப் போகிறேன். சிரிக்க ஏதும் கிடைக்கும் என்று வந்தவர்கள் கொஞ்சம் சிரிக்கலாம். முழுக்க அல்ல.

முதலில் வண்டி. அமெரிக்காவில் செய்த ஸ்டேஷன் வேகன். நாலு சில்லும் இழுக்கும். இடது பக்கம் ஸ்டியரிங். நாற்பது வயதைத் தாண்டியதால் லண்டனில் புகைக் கட்டணம் கிடையாது. எனக்கும் அப்படி ஏதாவது சலுகை தருவார்கள் என்று பார்க்கிறேன், தருவதாக இல்லை. இரண்டு பக்கமும் நீளத்துக்கு மரப் பலகை பதித்தது போல இருக்கும். "போல" என்றுதான் சொல்ல வேண்டும். உண்மையில் அது மரம் இல்லை, மரம் மாதிரி அச்சடித்த ஒட்டுத் தாள். கிட்டப் போய்த் தட்டிப் பார்த்தால் தகரச் சத்தம் கேட்கும்.

இந்த நாட்டுக்கு வந்த புதிதில் நானும் யோகனும் ஸ்ட்ரெத்தம் பக்கம் ஒரு பெட்ரோல் ஸ்டேஷனில் வேலை செய்தோம். ஒரே அறை, ஒரே போர்வை, ஒரே ஷிப்ட். ஒருநாள் இப்படி ஒரு வண்டி வந்து நின்றது. ஒரு அம்மா, மூன்று பிள்ளைகள், பின்னுக்குச் சாமான் மலை. பெட்ரோலைக் குடித்தது, குடித்துக்கொண்டே இருந்தது. யாரும் கேட்காமலே யோகன் போய்க் கண்ணாடி துடைத்தான். நான் பலகையைத் தட்டிப் பார்த்தேன். வண்டி போன பிறகும் இரண்டு பேரும் ரோட்டையே பார்த்துக்கொண்டு நின்றோம். மேலாளர் வந்து திட்டியபோதுதான் உள்ளே போனோம்.

பிறகு யோகன் தன் தங்கையை எனக்குக் கட்டிக் கொடுத்தான். அந்தத் தங்கைதான் பவானி. அவளுக்குத் தாய் தகப்பன் இப்போது இல்லை. கூடப் பிறந்தது யோகன் ஒருவன்தான். இந்த நாட்டில் அவளுக்கு இரத்த உறவு என்று சொல்ல அந்த ஒரு வீடுதான், மனோர் பார்க்கில். நாங்கள் இருப்பது மிட்சம் என்ற ஊரில். லண்டனின் இந்த மூலைக்கும் அந்த மூலைக்கும் இடையில் ரயில், பஸ், மறுபடி பஸ் என்று மாறி மாறி ஞாயிறு தவறாமல் அவன் வருவான். ஆட்டிறைச்சிக் கறி, கத்தரிக்காய்ப் பொரியல். சாப்பிட்டுவிட்டு என் கதிரையில் சாய்ந்து நித்திரை கொள்வான். குறட்டை விடுவான். பவானி ரேடியோவின் சத்தத்தைக் குறைப்பாள். என் குறட்டைக்கு ஒருநாளும் குறைத்ததில்லை.

எனக்கும் அவனுக்கும் இடையில் ஒளிவு மறைவு கிடையாது. எல்லாம் சொல்வோம். எல்லாம் முடிந்த பிறகு!

அதுதானே எங்கள் ஆட்களின் பழக்கம்? வீடு வாங்குவது, விசா, வேலை மாற்றம், பிள்ளைக்குச் சம்பந்தம்... எதுவானாலும் காரியம் கைகூடும் வரை வாயைத் திறக்கக் கூடாது. திறந்தால் கண்ணூறு பட்டுவிடும். யோகன் வீடு வாங்கியதை எங்களுக்குச் சொன்னது பால் காய்ச்சுவதற்கு முதல் நாள். எங்கள் மகளுக்கு மருத்துவப் படிப்பு கிடைத்ததை நாங்கள் அவனுக்குச் சொன்னது, அவள் விடுதிக்குப் பெட்டி கட்டிய அன்று. தெரிந்த ஒரு பெண் ஏழு மாதம் வரை குளிர்கோட்டைக் கழற்றவே இல்லை. கோடையில்! பக்கத்து வீட்டுக்காரர் வீடு மாறுவது சாமான் லொறி வந்து நின்ற பிறகுதான் எங்களுக்குத் தெரியும். அதில் யாருக்கும் கோபம் இல்லை. நாங்களும் அப்படித்தானே.

கண்ணூறு என்பது சாட்டு. உண்மையான பயம் வேறு. சொல்லிவிட்டு அது நடக்காமல் போனால்? "என்ன, அந்தக் காரியம் சரிவரேல்லையோ?" என்று நாலு பேர் கேட்டால்? தோற்றதை விடத் தோற்றது தெரிந்துபோவதுதான் எங்களுக்குப் பெரிய இடி.

மாசி மாதம் ஒரு விளம்பரம் கண்ணில் பட்டது. அதே வகை வண்டி. கில்ட்ஃபோர்டுக்கு அப்பால் ஒரு கிராமத்தில் ஒரு கிழவி விற்கிறார். கணவர் அமெரிக்காவில் வேலை செய்து திரும்பியபோது கப்பலில் கொண்டுவந்ததாம். அவர் இறந்துவிட்டார், வண்டி கொட்டகையில் நிற்கிறது. நான் ஓய்வு பெற்ற கையோடு கொஞ்சக் காசு கையில் இருந்தது. உங்களுக்கே தெரியும், ஆணுக்கு அறுபதில் வருகிற புத்தி இருபதில் வருவதை விட மோசமானது.

பவானியிடம் சொன்னேன். அவள் பெரிதாகத் தடுக்கவில்லை. ஒன்றே ஒன்று கேட்டாள். "அண்ணைக்கு ஒரு சொல் சொல்லுவமே? அவருக்கும் இந்தக் கார் எண்டால் உயிரல்லோ."

"நீர் சும்மா இரும். முதல் கைக்கு வரட்டும்," என்றேன்.

அவள் இருந்தாள். பிறகும் இரண்டு தரம் கேட்டாள். இரண்டு தரமும் நான் அதையேதான் சொன்னேன். அவள் அண்ணனுக்கு எதையும் ஒளித்துப் பழக்கமில்லாதவள். ஞாயிற்றுக்கிழமைகளில் யோகன் வந்து இருக்கும்போது அவள் சமையலறையை விட்டு வெளியே வராமலே நின்றாள். வந்தால் வாய் தவறிவிடுமாம்.

போய்ப் பார்த்தேன். கிழவி நல்ல மனுஷி. தேநீர் தந்தார், கேக் தந்தார். வண்டியில் ஏற்றி வயல் பக்கம் ஒரு சுற்று விட்டார். நான் விழுந்துவிட்டேன். கேட்ட விலைக்கே சரி என்றேன். ஆனால் அன்று அட்டமி, அட்வான்ஸ் கொடுக்க மனம் வரவில்லை. இரண்டு நாளில் வருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். யாரும் கேட்டால் என் பெயரைச் சொல்ல வேண்டாம் என்றும் கேட்டுக்கொண்டேன். யார் கேட்கப் போகிறார்கள் என்று அவர் ஆச்சரியப்பட்டார். அது அவருக்கு விளங்காது.

அடுத்த நாள் அவரே போன் எடுத்தார். இன்னொருவர் வந்து பார்த்தாராம். மிகவும் பிடித்துவிட்டதாம். கொஞ்சம் கூட்டித் தருகிறேன் என்கிறாராம். முதலில் வந்தது நீங்கள், அதனால் உங்களிடம் கேட்கிறேன் என்றார். நேர்மையான மனுஷி. நான் அதற்கும் கொஞ்சம் கூட்டினேன். மறுநாள் மறுபடி போன். மற்றவர் அதற்கும் மேலே போய்விட்டார். நானும் போனேன்.

இப்படியே ஒரு வாரம். எனக்கே களைத்துவிட்டது. வண்டி பெறுமதிக்கு மேலே எப்போதோ போய்விட்டது. சரி, விட்டுவிடுவோம் என்று நினைத்தேன். உண்மையாகவே நினைத்தேன். யாரோ வெள்ளைக்காரன், ஆசைப்படுகிறான், வைத்துக்கொள்ளட்டும் என்று சொல்லத்தான் கிழவிக்குப் போன் எடுத்தேன்.

அப்போது அவர் பேச்சுவாக்கில் ஒன்று சொன்னார். இரண்டு பேரையும் வெள்ளிக்கிழமை காலை பதினொரு மணிக்குக் கூப்பிட்டு நேரில் பேசி முடிக்கலாம் என்று பார்த்தாராம். ஆனால் மற்றவர் வெள்ளி காலையில் வரவே மாட்டேன் என்கிறாராம். பன்னிரண்டுக்குப் பிறகு என்றால்தான் வருவாராம். முன்பு ஒரு செவ்வாய்க்கிழமை மூன்று மணிக்கு வரச் சொன்னதற்கும் அப்படித்தானாம், நாலரைக்குப் பிறகு என்றாராம். "நீங்களும் அன்றைக்கு அப்படித்தானே சொன்னீர்கள்? உங்கள் இரண்டு பேருக்கும் ஒரே இடத்தில் வேலையா?"

என் காதுக்குள் மணி அடித்தது. வெள்ளி பத்தரையிலிருந்து பன்னிரண்டு. செவ்வாய் மூன்றிலிருந்து நாலரை. உலகத்தில் எந்த வெள்ளைக்காரன் ராகுகாலம் பார்த்துக் கார் வாங்குகிறான்?

மற்ற ஆள் எங்கட ஆள்!

புத்தியுள்ளவன் என்ன செய்வான்? "அப்படியா, அந்த ஆளிடம் என் நம்பரைக் கொடுங்கள், நாங்களே பேசித் தீர்த்துக்கொள்கிறோம்" என்பான். அந்தக் கிழவியே அதைத்தான் சொன்னார். உங்கள் இரண்டு பேரையும் அறிமுகப்படுத்தி வைக்கட்டுமா, உங்களுக்குள் நன்றாக ஒத்துப்போகும் போலத் தெரிகிறது என்றார். வேண்டவே வேண்டாம் என்றேன்.

ஏனென்று கேளுங்கள். வெள்ளைக்காரனிடம் தோற்கலாம். குஜராத்திக்காரரிடம் தோற்கலாம். அது ஒரு தோல்வியே இல்லை. ஆனால் எங்கட ஆள் ஒருவன் அந்த வண்டியில் கோவில் வாசலில் வந்து இறங்க, நான் பஸ்ஸுக்கு நின்று அதைப் பார்ப்பதா? ஒரு தெருவில் ஒரு தமிழ்க் கடை ஓடினால் எதிரில் இரண்டாவதைத் திறப்பவர்கள் நாங்கள். சங்கம் ஒன்று உருப்படியாக நடந்தால் அடுத்த வருடம் அது இரண்டாக இருக்கும். தமிழனோடுதான் தமிழனுக்குப் போட்டி. மற்றவர்களையெல்லாம் நாங்கள் கணக்கிலேயே எடுப்பதில்லை.

விடப் போனவன் விடவில்லை. ஒரேயடியாக ஒரு விலை சொன்னேன். அந்த விலையை இங்கே எழுத மாட்டேன், பவானியும் இதை வாசிப்பாள். மற்ற ஆள் அன்று பின்னேரம் விலகிக்கொண்டார். நான் சோபாவில் இருந்து தனியாகச் சிரித்தேன். எதற்குச் சிரித்தேன் என்பதை நினைத்தால் இப்போது வாய் கசக்கிறது.

சித்திரையில் ஒரு ஞாயிறு. வண்டிக்குப் பூசை. பவானிக்கு ஒரே சந்தோஷம். இனி ஒளிக்கத் தேவையில்லையே. மனோர் பார்க் முருகன் கோவிலில்தான் செய்ய வேண்டும் என்று நின்றாள். அண்ணன் வீடு அங்கிருந்து நடக்கிற தூரம். பூசை முடிந்த கையோடு அண்ணனையும் மச்சாளையும் ஏற்றி ஒரு சுற்றுப் போகலாம் என்றாள். யோகனுக்குப் போன் எடுத்து, சின்ன அலுவல், கோவிலுக்கு வாங்கோ என்று மட்டும் சொன்னாள். அவள் குரலில் இருந்த துள்ளல் எனக்கு இன்னும் கேட்கிறது.

கோவிலுக்கு முன்னால் சின்னச் சின்ன வீடுகள். இந்த வண்டியை நிறுத்த இரண்டு கார் இடம் வேண்டியிருந்தது. குருக்கள் வந்தார். சில்லுக்கு ஒன்றாக எலுமிச்சம்பழம். பொனெட்டில் சந்தனப் பொட்டு, குங்குமம். பவானி கட்டிய மாலை. நாலு பேர் சுற்றி நின்று செல்போனில் படம் எடுத்தார்கள். நான் வயிற்றை உள்ளே இழுத்துக்கொண்டு நின்றேன்.

குருக்கள் எல்லாக் கதவையும் திறந்து விடச் சொன்னார். பின்பக்கம் மட்டும் திறக்கவில்லை. அந்த வண்டியில் பின் யன்னல் கண்ணாடி இறங்கினால்தான் பின்கதவு விழும். கண்ணாடியை இறக்கக் கதவிலேயே சாவி போட்டுத் திருப்ப வேண்டும். திருப்பினேன். அசையவில்லை. மறுபடி திருப்பினேன். குருக்கள் கற்பூரத்தை வைத்துக்கொண்டு நிற்கிறார். எனக்கு வியர்த்தது.

அப்போது பின்னால் இருந்து ஒரு கை வந்து என் கையிலிருந்த சாவியை எடுத்தது. யோகன். பக்கத்தில் அவன் மனைவி வதனி. அவன் சாவியை முதலில் எதிர்ப் பக்கம் மெல்லத் திருப்பினான். மற்றக் கையால் கண்ணாடியின் மேல் விளிம்பை அமத்திக்கொண்டு இந்தப் பக்கம் திருப்பினான். கண்ணாடி விர்ரென்று இறங்கியது.

பூசை முடிந்தது. தேங்காய் உடைந்தது. எலுமிச்சம்பழங்கள் நசிந்தன. நான் இறங்கி வந்து அவனிடம் கேட்டேன், உனக்கு எப்படித் தெரியும் என்று. அவன் வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தான். என் முகத்தைப் பார்த்தான்.

"நீதானோ அது?"

எனக்கு விளங்க ஒரு கணம் எடுத்தது. விளங்கியதும் சிரிப்பு வந்தது. அவனும் சிரித்தான். "தமிழன் எண்டு தெரிஞ்சாப் பிறகுதான் மச்சான் நானும் ஏத்தினனான். வெள்ளைக்காரன் எண்டால் அப்பவே விட்டிருப்பன்." அவன் வெள்ளி காலை வர மாட்டேன் என்றபோதே, மற்றவரும் இப்படித்தான் நேரம் பார்த்தார் என்று அந்தக் கிழவி அவனிடமும் சொல்லியிருக்கிறார். அவனுக்கும் காதுக்குள் மணி அடித்திருக்கிறது! ஒரே அறையில் படுத்து எழும்பியவர்கள் இல்லையா? இரண்டு பேரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தோம். குருக்கள் ஒரு மாதிரிப் பார்த்துவிட்டு உள்ளே போனார்.

அதோடு முடிந்திருக்கலாம். முடிந்திருக்க வேண்டும். எத்தனை நாள் சொல்லிச் சொல்லிச் சிரித்திருக்கக்கூடிய கதை அது.

பவானியும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே, வெள்ளை மனதோடு சொன்னாள். "நான் அப்பவே இவரிட்டச் சொன்னனான், அண்ணைக்குச் சொல்லுவம் எண்டு."

யோகனின் சிரிப்பு நின்றது. "உனக்கும் தெரியுமோ?"

"ஓம் அண்ணை."

"மாசியில இருந்தோ?"

அவள் தலையாட்டினாள். அவன் முகம் அப்படியே இறுகியதைப் பார்த்தேன். நான் ஒளித்ததை அவன் மன்னித்துவிட்டான். அது ஆம்பிளைகளின் விளையாட்டு. தங்கை ஒளிப்பாள் என்று அவன் நினைத்திருக்கவே இல்லை. அவளுக்குச் சமாதானம் சொல்லத் தெரியவில்லை. ஏதாவது பேச வேண்டுமே என்று, உங்களுக்கு எதற்கு அண்ணை இவ்வளவு பெரிய கார் என்று கேட்டாள்.

 வதனிதான் முதலில் வாய் திறந்தாள். அவளுக்கே அப்போதுதான் கார் விஷயம் தெரிந்திருக்கிறது. புருஷனைப் பார்த்து, "கவின்ர கலியாணத்துக்கோ பார்த்தனியள்?" என்றாள்.

கவின் அவர்களின் ஒரே மகன். வதனி வேலைக்குப் போன காலத்தில், பள்ளிக்கூடம் சேரும் வரை அவன் வளர்ந்தது எங்கள் வீட்டில். பவானியின் இடுப்பில். அவனுக்கு முதல் பல் முளைத்ததை அவள்தான் கண்டாள்.

"எந்தக் கலியாணம்?" என்றாள் பவானி.

 பிறகு ஒவ்வொன்றாக வந்தது. பெண் ஹரோவில். பொருத்தம் பார்த்தாயிற்று, இரு வீட்டாரும் பேசியாயிற்று, மண்டபத்துக்கு முற்பணம் கட்டியாயிற்று. மணவறைக்காரர் கூட வந்து அளவெடுத்துப் போய்விட்டார். எல்லாம் சரிவந்த பிறகு எங்களுக்குச் சொல்ல இருந்தார்களாம். ஞாயிறு தோறும் என் வீட்டுக் கதிரையில் நித்திரை கொண்டவன், அவ்வளவையும் வயிற்றுக்குள் வைத்துக்கொண்டு குறட்டை விட்டிருக்கிறான்.

பவானி கத்தவில்லை. "நான் அவனுக்கு மாமி அல்லோ அண்ணை," என்று மட்டும் சொன்னாள்.

அவனுக்கு அது குத்தியிருக்க வேண்டும். குத்தினால் எங்கள் ஆட்கள் மன்னிப்புக் கேட்பதில்லை, குரலை உயர்த்துவோம். நீ ஒளிச்சனி, நான் ஒளிச்சா மட்டும் பிழையோ என்று தொடங்கினான். நானும் சும்மா இருக்கவில்லை. கார் எங்கே, கலியாணம் எங்கே என்றேன். கலியாணத்தை நான் ஒரு மாதத்தில் சொல்லியிருப்பேன் என்றான். காரை நான் ஒரு மணித்தியாலத்தில் சொல்லியிருப்பேன் என்றேன். கோவிலுக்கு வந்தவர்கள் செருப்பைக் கழற்றுவதைப் போலக் குனிந்து நின்று கேட்டார்கள். கடைசியில் அவன் வதனியைக் கையில் பிடித்துக்கொண்டு நடந்து போய்விட்டான். ஏற்றிக்கொண்டு சுற்றுவோம் என்று பவானி வைத்திருந்த பின் ஆசனத்தில் மோதகத் தட்டு மட்டும் இருந்தது. 

அடுத்த ஞாயிறு அவன் வரவில்லை. பவானி கறி வைத்தாள். அதற்கடுத்த ஞாயிறும் வைத்தாள். பிறகு நிறுத்திவிட்டாள். இப்போது ஞாயிறுகளில் நாங்கள் பாணில் ஜாம் பூசிச் சாப்பிடுகிறோம்.

நான் முயற்சி செய்யாமல் இல்லை. பொதுவான ஒரு நண்பர் மூலம் சொல்லி அனுப்பினேன். வண்டியை எடுத்துக்கொள்ளட்டும், நான் கொடுத்த விலையெல்லாம் வேண்டாம், கவினை மண்டபத்துக்கு நானே அதில் ஓட்டிக்கொண்டு போகிறேன் என்று. பதில் வந்தது. கண்ணூறு பட்ட வண்டியில் என் பிள்ளையை ஏற்ற மாட்டேன் என்றானாம். யாருடைய கண் பட்டது என்று கேட்கத்தான் வாய் உன்னியது. என்னோடு போட்டி போட்டு அந்த வண்டியை ஆசையோடு பார்த்த கண் அவனுடையதுதானே? நண்பர் பாவம், அவரை அலைக்கழிப்பானேன் என்று விட்டுவிட்டேன்.

ஆடி கழிந்து கலியாண அட்டை வந்தது. தபாலில். இதை வாசிக்கும் எங்கள் ஆட்களுக்கு நான் மேலே எதுவும் சொல்லத் தேவையில்லை. மற்றவர்களுக்குச் சொல்கிறேன். தூரத்து ஆட்களுக்குத்தான் தபால். கூடப் பிறந்தவளுக்குத் தட்டில் வைத்து, குங்குமம் கொடுத்து, வீட்டுக்கு வந்து சொல்ல வேண்டும். பவானி அட்டையைச் சாமி அறையில் வைத்தாள்.  எனக்குத்தான் ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. அவன் மேலே பாதி. மற்றப் பாதி யார் மேலே என்று எழுத வெட்கமாக இருக்கிறது.

ஆனால் அவள் மனதில் ஒன்றைப் பிடித்துக்கொண்டு இருந்தாள். பொன்னுருக்கு. கலியாணத்துக்குச் சில நாள் முதல் மாப்பிள்ளை வீட்டில், தாலிக்குப் பொன் உருக்கும் சடங்கு. அதற்கு அட்டை அடிப்பதில்லை. சொந்தக்காரரை, வெகு சொந்தக்காரரை மட்டும் வாயால் கூப்பிடுவார்கள். அதற்குக் கூப்பிடாமல் விட மாட்டார், அண்ணை அப்படியானவர் இல்லை என்றாள். நல்ல சேலை ஒன்றை எடுத்து மடிப்புக் கலையாமல் கதிரையில் போட்டு வைத்தாள். பயற்றம் பணியாரத்துக்குப் பயறு வறுத்து இடித்து வைத்தாள். கவினுக்குச் சின்ன வயதிலிருந்து அதுதான் விருப்பம். போன் அடிக்கும் போதெல்லாம் கையைத் துடைத்துக்கொண்டு ஓடி வந்தாள். மின்சாரக் கட்டணத்தை மாற்றச் சொல்லிக் கூப்பிடுகிற பையன்களுக்கெல்லாம் ஏமாற்றமான குரலில் பதில் சொன்னாள்.

கலியாணத்துக்கு இன்னும் பத்து நாள். யார் முதலில் பேசுவது என்று எவ்வளவு காலம்தான் பார்த்துக்கொண்டு இருப்பது? சென்ற சனிக்கிழமை பின்னேரம் அவளே போன் எடுத்தாள். நான் பக்கத்தில் இருந்தேன். ஸ்பீக்கரில் போட்டாள். 

அவன் எடுத்தான். எப்படி இருக்கிறாய் என்றான். நல்ல சுகம் என்றாள். வதனியைக் கேட்டாள், கவினைக் கேட்டாள். பிறகு, ஒன்றுமே நடக்காதது போல, சின்னப் பிள்ளை மாதிரிக் கேட்டாள்.

"அண்ணை, பொன்னுருக்கு எண்டைக்கு? நான் பணியாரம் சுட்டுக்கொண்டு வாறன்."

 

"அது முடிஞ்சுது பிள்ளை."

"எப்ப?"

"போன புதன்."

 மெதுவாக, ஆர் ஆர் வந்தது என்று கேட்டாள். ஏன் கேட்டாளோ.

"எல்லாரும் வந்தவை," என்றான்.

நல்லது அண்ணை என்றாள் பவானி. உண்மையாகவே சொன்னாள். அவன், வருகிறவர்களுக்கெல்லாம் சொல்லிச் சொல்லிப் பழகிய குரலில், மண்டபத்துக்கு நேரத்தோடு வரச் சொன்னான். பார்க்கிங் தாராளமாக இருக்கிறது என்றான்.

அந்த வண்டியில் ஆறு பேர் வசதியாக இருக்கலாம் என்று விளம்பரத்தில் போட்டிருந்தார்கள். பொய் இல்லை... இடம் நிறையவே இருக்கிறது.